பனிக்கும் கடலுக்கும் நம்மைத் தெரியாது: இயல்புவாதச் சிறுகதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டு கதைகளைச் சுற்றியே ஓடும். ஒன்று ஜாக் லண்டன் 1908-இல் வெளியிட்ட 'தீ மூட்ட'. மற்றது ஸ்டீபன் கிரேன் 1897-இல் எழுதிய 'திறந்த படகு'. படிக்காதவர்களுக்காகக் கதையை ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன். முடிவும் தெரிந்துவிடும். முடிவு தெரிந்தாலும் இவை கெட்டுப்போகாது.

இயல்புவாதம் என்பது யதார்த்தவாதத்துக்கு இன்னொரு பெயர்தானே?

உறவு உண்டு, ஒன்று இல்லை. உயிரினங்களின் தோற்றம் பற்றிய டார்வினின் நூல் 1859-இல் வருகிறது. சோதனை மருத்துவம் பற்றி பிரெஞ்சு மருத்துவ ஆய்வாளர் க்ளோத் பெர்னார் 1865-இல் எழுதுகிறார். இவற்றைப் படித்த பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஸோலா, ஆய்வுக்கூடத்தில் உடலை வைத்துப் பார்ப்பதுபோல நாவலில் மனிதனை வைத்துப் பார்க்கலாம் என்று 1880-இல் ஒரு கட்டுரையில் வாதாடினார். மனிதன் எடுக்கும் முடிவை யதார்த்தவாதி காட்டுவார். அந்த முடிவு எங்கிருந்து வந்தது, ரத்தத்திலிருந்தா, வளர்ந்த தெருவிலிருந்தா, பசியிலிருந்தா என்று இயல்புவாதி தோண்டுவார். அமெரிக்காவில் 1890-களில் கிரேன், ஃப்ராங்க் நாரிஸ், பிறகு லண்டன், ட்ரைசர் எல்லாம் இந்த வழியில் வந்தவர்கள். இவர்களில் சிலர் மனிதனைத் தெருவிலிருந்தும் கிளப்பிப் பனிவெளியிலும் நடுக்கடலிலும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நம் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

தமிழில் இயல்புவாதம் என்றால் பூமணியின் 'பிறகு' நாவல் நினைவுக்கு வருகிறது. அதில் இயற்கை இப்படி வருவதில்லையே?

வராது. அங்கே மனிதனை நெருக்குவது ஊரும் சாதியும் வறுமையும். அவற்றுக்கு முகம் உண்டு, பெயர் உண்டு, ஒருவரைக் கைகாட்ட முடியும். லண்டனின் பனியில் கைகாட்ட ஆள் கிடையாது.

'தீ மூட்ட' கதையில் அப்படி என்ன நடக்கிறது?

கனடாவின் யூகான் பகுதி. தங்கம் தேடிப்போன கூட்டத்தில் ஒருவன், அந்த நாட்டுக்குப் புதியவன், இது அவனுக்கு முதல் குளிர்காலம். ஹெண்டர்சன் ஓடைப் பக்கம் கூட்டாளிகள் தங்கியிருக்கும் முகாமுக்கு நடந்து போகிறான். மாலை ஆறு மணிக்குள் சேர்ந்துவிடலாம் என்று கணக்கு. கூட ஒரு நாய். சட்டைக்குள், வெறும் தோலோடு ஒட்டி, பன்றிக்கொழுப்பில் தோய்த்த பிஸ்கட்டுகள். வெளியே வைத்தால் உறைந்துவிடும். குளிர் பாரன்ஹீட்டில் மைனஸ் 75, அதாவது செல்சியஸில் சுமார் மைனஸ் 59. மைனஸ் 50-க்குக் கீழே போனால் யாரும் தனியாக நடக்கக் கூடாது என்று சல்ஃபர் ஓடையில் ஒரு கிழவர் சொல்லியிருக்கிறார். இவன் அதைக் கேட்டுச் சிரித்தவன்.

மலைச்சரிவிலிருந்து வரும் ஊற்றுகள் எந்தக் குளிரிலும் உறைவதில்லை. மேலே மெல்லிய பனிக்கட்டி, அதன்மேல் பனித்தூள், அடியில் தண்ணீர். பார்த்துப் பார்த்துத்தான் நடக்கிறான். எந்த அடையாளமும் இல்லாத ஓரிடத்தில் கால் உள்ளே போகிறது. முழங்காலுக்குப் பாதிவரை நனைந்துவிடுகிறது. அவ்வளவுதான் விபத்து. நம்மூரில் செருப்பைக் கழற்றி உதறிவிட்டுப் போகும் விஷயம். அந்தக் குளிரில் உடனே தீ மூட்டிக் காயவைக்காவிட்டால் கால் போய்விடும்.

தீ மூட்டுகிறான், நன்றாகவே மூட்டுகிறான். இதில் அவன் கத்துக்குட்டி இல்லை. பிர்ச் மரப்பட்டைத் துண்டில் தீக்குச்சியைப் பற்றவைத்து, உலர்ந்த புல், சின்னக் குச்சி, பிறகு பெரிய குச்சி என்று ஒழுங்காகச் சேர்க்கிறான். ஆனால் உட்கார்ந்திருப்பது ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தடியில். பக்கத்துப் புதரிலிருந்து குச்சியை உருவி நேராகத் தீயில் போட அந்த இடம் வசதி. பல வாரங்களாகக் காற்றே அடிக்காததால் மரத்தின் ஒவ்வொரு கிளையும் தாங்கும் அளவுக்குப் பனியைச் சுமந்து நிற்கிறது. இவன் குச்சியை இழுக்கும்போதெல்லாம் மரம் கண்ணுக்குத் தெரியாமல் அசைகிறது. உச்சியில் ஒரு கிளை தன் சுமையைக் கொட்டுகிறது. அது கீழ்க் கிளைகளில் விழ, அவையும் கொட்ட, மொத்தமும் அவன்மேலும் தீயின்மேலும் வந்து விழுகிறது. தீ இருந்த இடத்தில் புதுப்பனி.

இந்தப் பத்தியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மரத்துக்குக் கோபம் இல்லை. பனிக்குத் திட்டம் இல்லை. எடை, அசைவு, சரிவு, அவ்வளவே. 'இயற்கை மனிதனைக் கண்டுகொள்வதில்லை' என்ற வாக்கியத்தை லண்டன் இங்கே எழுதவில்லை. மரத்தின் கிளையில் பனி எவ்வளவு இருந்தது, ஏன் இருந்தது என்று மட்டும் எழுதினார். இந்த வகைக் கதைகளின் பலமே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் இயற்கைதான் இந்தக் கதைகளில் வில்லன், இல்லையா?

பள்ளிக்கூடக் கையேடுகளில் 'மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையே போராட்டம்' என்று போட்டிருப்பார்கள். அந்தத் தலைப்பே வழிதவற வைக்கிறது. போராட்டம் என்றால் எதிரில் ஒருவர் நிற்க வேண்டும். வில்லன் இருந்தால் ஒருவகையில் ஆறுதல்: நம்மை வெறுக்கும் அளவுக்காவது ஒருவர் நம்மைப் பொருட்படுத்தியிருக்கிறார். கிரேன் இதை நேராகவே எழுதுகிறார். தன்னை ஒழித்துக்கட்டினாலும் பிரபஞ்சத்துக்கு ஒரு சேதமும் இல்லை என்று உணரும் மனிதனுக்கு முதலில் கோயிலை நோக்கிச் செங்கல் எறியத் தோன்றும். எறியச் செங்கலும் இல்லை, கோயிலும் இல்லை என்பதைத்தான் அவன் வெறுப்பான் என்கிறார். பக்கம் பக்கமாக எழுதிய விமர்சனங்களைவிட இந்த ஒரு வாக்கியம் தெளிவு.

கதையில் நாய் எதற்கு?

நாய் இல்லாவிட்டால் கதை பாதிதான். மைனஸ் 75 என்ற எண் அதற்குத் தெரியாது, ஆனால் இது நடக்கும் காலம் இல்லை என்று அதன் உடம்புக்குத் தெரியும். ஓரிடத்தில் பனிக்கட்டி தாங்குமா என்று பார்க்க அவன் நாயை முன்னால் தள்ளிவிடுகிறான். அதன் கால் நனைகிறது. உடனே படுத்து, விரலிடுக்கில் உறையும் பனியைக் கடித்துக் கடித்து எடுக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உதவப் போன மனிதன் கையுறையைக் கழற்றிய ஒரு நிமிடத்துக்குள் விரல் மரத்துவிடுகிறது.

இதைவிட முக்கியம், நாயும் அவனைப் பற்றிக் கவலைப்படவில்லை. சாட்டையைத் தவிர வேறெதையும் அவனிடமிருந்து அது பெற்றதில்லை. தீப்பக்கம் திரும்பிப் போகலாம் என்று அது ஏங்குவது தனக்காகத்தான். விசுவாசமான நாய்க் கதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு குத்து. கைகள் உறைந்த பிறகு, நாயைக் கொன்று அதன் வயிற்றுச் சூட்டில் கைவைத்துக்கொள்ளலாம் என்று அவன் நினைக்கிறான். அதைக் கட்டிப்பிடித்தும் விடுகிறான். கத்தியைப் பிடிக்கத்தான் விரல் இல்லை. அவன் செத்தபின் நாய் சற்று நேரம் காத்திருந்து, மோந்து பார்த்து, ஊளையிட்டுவிட்டு, உணவும் தீயும் தரக்கூடிய வேறு மனிதர்கள் இருக்கும் முகாமை நோக்கி ஓடுகிறது.

இதே கதையில் அவன் பிழைத்துவிடுகிறான் என்று ஒருவர் சொன்னார். எது சரி?

இரண்டும் சரி. 1902-இல் இளைஞர்களுக்கான பத்திரிகை ஒன்றில் லண்டன் இதே தலைப்பில் ஒரு கதை எழுதினார். அதில் அவனுக்கு டாம் வின்சென்ட் என்று பெயர் உண்டு. நாய் கிடையாது. படாத பாடு பட்டு, கையைச் சுட்டுக்கொண்டு, பிழைத்துவிடுகிறான். கால்விரல்கள் மட்டும் அதன்பின் குளிர் தாங்காமல் போகின்றன. தனியாகப் பயணம் போகாதே என்ற பாடத்தோடு தொடங்கி அதற்கே திரும்பும் கதை.

ஆறு ஆண்டு கழித்து வந்த வடிவத்தில் பெயரை எடுத்துவிட்டார், நாயைச் சேர்த்தார், ஆளைச் சாகவிட்டார். பெயரை எடுத்ததுதான் பெரிய மாற்றம் என்பேன். டாம் வின்சென்ட் என்றால் அவனுக்கு ஒரு வீடு, அம்மா, ஊர் எல்லாம் நம் மனதில் வந்துவிடும். 'அந்த மனிதன்' என்றால் பனியின் கண்ணுக்கு எப்படியோ அப்படியே நமக்கும் தெரிகிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது எழுத விரும்புகிறவர்களுக்கு ஒரு பட்டறைக்குச் சமம்.

தப்பு அவனுடையதுதானே? கிழவர் பேச்சைக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பானே?

இந்தக் கேள்வியில்தான் வாசகர்கள் இரண்டாகப் பிரிவார்கள். 1908 வடிவத்திலும் கிழவரின் எச்சரிக்கை இருக்கிறது. மரத்தடியில் தீ மூட்டியது அவன் தவறுதான் என்று கதைசொல்லியே சொல்கிறார். தொடக்கத்திலேயே அவனிடம் என்ன குறை என்றும் சொல்லிவிடுகிறார்: கற்பனை இல்லாதவன், விஷயங்கள் அவனுக்குத் தெரியும், அவற்றின் பொருள் தெரியாது. மைனஸ் 75 அவனுக்கு வெறும் எண். மனிதன் ஒரு குறுகிய வெப்ப எல்லைக்குள் மட்டுமே உயிர்வாழும் பிராணி என்ற நினைப்புக்கு அந்த எண் அவனைக் கொண்டுபோவதில்லை. கடைசியில் "நீர் சொன்னதுதான் சரி" என்று கிழவரை நினைத்து முனகிக்கொண்டே தூங்கிப்போகிறான்.

ஆகவே தப்பு உண்டு. ஆனால் தப்புக்கும் தண்டனைக்கும் உள்ள அளவைப் பாருங்கள். வசதியான இடத்தில் உட்கார்ந்து தீ மூட்டியதற்கு உயிர்! தண்டிக்கும் ஒருவர் இருந்திருந்தால் கொஞ்சம் குறைத்திருப்பார். இங்கே விளைவு மட்டும்தான் உண்டு. இதற்குமேலும் 'அவன் தப்பு' கட்சியிலேயே இருப்பவர்களை அடுத்த கதை மடக்கிவிடும். அதில் யாரும் தப்பே செய்வதில்லை.

மைனஸ் 59 டிகிரி என்பது மிகை இல்லையா?

இல்லை. யூகானில் ஸ்னாக் என்ற இடத்தில் 1947 பிப்ரவரி 3-ஆம் தேதி மைனஸ் 63 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. லண்டன் கேள்விப்பட்டதை எழுதியவரும் இல்லை. 1897-இல், 21 வயதில் க்ளோண்டைக் தங்க வேட்டைக்குப் போய், கதையில் வரும் அதே ஹெண்டர்சன் ஓடையில் இடம் பதிவு செய்து, அந்தக் குளிர்காலத்தை அங்கே கழித்தவர். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயோடு திரும்பிவந்தார். தங்கம் என்று பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, கதைகள் கிடைத்தன.

'திறந்த படகு' உண்மைச் சம்பவமா?

ஆம். ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய கியூபக் கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் கொண்டுபோன 'கமோடோர்' என்ற கப்பல், 1896 டிசம்பர் 31-ஆம் தேதி ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லிலிருந்து புறப்பட்டது. ஜனவரி 2-ஆம் தேதி மூழ்கியது. பத்திரிகையாளராக அதில் போன கிரேனும், காயம்பட்ட கேப்டனும், சமையல்காரரும், எஞ்சினுக்கு எண்ணெய் விடும் பில்லி ஹிக்கின்ஸும் சுமார் 10 அடி நீளமுள்ள சிறு படகில் ஏறினார்கள். ஒன்றரை நாள் போல அலைக்கழிந்து டேட்டோனா கடற்கரையில் ஒதுங்கினார்கள். கரையைத் தொடும் இடத்தில் ஹிக்கின்ஸ் இறந்துபோனார். சில நாளில் கிரேன் இதைச் செய்தித்தாளுக்குச் செய்தியாக எழுதினார். கப்பல் மூழ்கியது அதில் விரிவாக இருக்கும், படகு கொஞ்சம்தான். சில மாதம் கழித்து வெளியான கதையில் கப்பலைத் தள்ளிவிட்டுப் படகை மட்டும் எடுத்துக்கொண்டார்.

கரை கண்ணுக்குத் தெரிகிறது, ஆட்களும் தெரிகிறார்கள். ஏன் யாரும் காப்பாற்றவில்லை?

கதையின் மிகக் கொடுமையான பகுதி அது, சிரிப்பும் அங்கேதான். உயிர்காப்பு நிலையம் இதோ இருக்கிறது, ஆட்கள் இப்போது படகை இறக்குவார்கள் என்று நால்வரும் நம்புகிறார்கள். இருபக்கமும் 20 மைலுக்குள் அப்படி ஒரு நிலையம் கிடையாது, இவர்களுக்கு அது தெரியாது என்று கதைசொல்லி நம்மிடம் மட்டும் சொல்லிவிடுகிறார். பிறகு கரையில் ஒரு ஆள் தெரிகிறான். கோட்டைக் கழற்றித் தலைக்குமேல் சுற்றுகிறான். ஒரு வண்டி வருகிறது, படகைத்தான் கொண்டுவருகிறார்கள் என்று நினைக்கிறார்கள்; விடுதி விருந்தாளிகளை ஏற்றிவந்த வண்டி அது. அந்த ஆள் கோட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். வடக்கே போகச் சொல்கிறானா, காத்திருக்கச் சொல்கிறானா என்று படகில் ஒரே வாதம். மீன்பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணிக் கைகாட்டிக்கொண்டிருக்கிறான் என்பது மெல்ல உறைக்கிறது. இருட்டுகிறது. இரவு முழுக்கக் கடலில்தான். படகைச் சுற்றி ஒரு சுறா வேறு வட்டம் போடுகிறது.

கரையிலிருப்பவர்களிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. தூரம், அவ்வளவுதான். மறுநாள் காலை கரையில் நிற்கும் உயரமான காற்றாலையைப் பார்க்கிறார் நிருபர், அதாவது கதையில் கிரேனின் இடத்தில் வருபவர். எறும்புகள் படும் பாட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ராட்சதனைப்போல அது தெரிகிறது. இயற்கை அவருக்கு அப்போது கொடியதாகவும் படவில்லை, கருணையுள்ளதாகவும் படவில்லை, வஞ்சகமாகவோ ஞானமாகவோகூடப் படவில்லை. அக்கறையற்றது, முழுக்க அக்கறையற்றது என்று கிரேன் எழுதுவது இந்த இடத்தில். லண்டன் சொல்லாமல் விட்டதைக் கிரேன் வாய்விட்டுச் சொல்கிறார். கதையில் இதுவரை பட்ட பாட்டால் அதைச் சொல்லும் உரிமையைச் சம்பாதித்துவிட்டார் என்பதால் உறுத்துவதில்லை.

நால்வரில் பலசாலியான எண்ணெய்க்காரர் மட்டும் சாகிறாரே, வலியதே பிழைக்கும் என்பதுதானே டார்வின் பாடம்?

டார்வின் பாடம் அவ்வளவு எளியது இல்லை, அது தனிக்கதை. இந்தக் கதையில் கிரேன் எந்தச் சூத்திரத்துக்கும் இடம்தரவில்லை. படகு கவிழ்ந்ததும் எண்ணெய்க்காரர்தான் எல்லோருக்கும் முன்னால், வேகமாக நீந்திப்போகிறார். சமையல்காரர் மிதவைக் கச்சையோடு மல்லாந்து மிதக்கிறார். கேப்டன் ஒற்றைக் கையால் கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்குகிறார். நிருபர் ஒரு நீரோட்டத்தில் மாட்டிக்கொள்கிறார். பெரிய அலை ஒன்று அவரைத் தூக்கிப் படகுக்கு அந்தப்புறம் இடுப்பளவுத் தண்ணீரில் வீசிவிடுகிறது. எண்ணெய்க்காரர் மட்டும் கரையோர ஆழமில்லாத நீரில் குப்புறக் கிடக்கிறார். அலை வடியும்போதெல்லாம் அவர் நெற்றி மணலில் படுகிறது.

காரணம் தேட வேண்டுமென்றால் ஒன்று அகப்படும்: கப்பல் மூழ்குவதற்கு முன் எஞ்சின் அறையில் இரட்டை ஷிப்ட் பார்த்தவர் அவர், பிறகு விடாமல் துடுப்பும் போட்டவர். ஆனால் அதை ஒரு நீதியாக மாற்ற முடியாது. ஒருவரைக் கொன்றதும் ஒருவரைத் தூக்கிவிட்டதும் ஒரே கடல். உண்மையில் செத்த மனிதரின் பெயரையே கதையிலும் வைத்திருப்பதைக் கவனியுங்கள். மற்ற மூவரும் கேப்டன், சமையல்காரர், நிருபர் என்றே வருகிறார்கள். பில்லி மட்டும் பில்லி.

நாம் தலையெழுத்து என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதானே?

நேர் எதிர் என்பேன். 'வகுத்தான் வகுத்த வகையல்லால்' என்கிறது குறள். வகுக்க ஒருவன் இருக்கிறான். ஊழ் என்பதில் ஒரு கணக்கு உண்டு, முன்வினைக்குப் பின்விளைவு உண்டு. நமக்குப் புரியாவிட்டாலும் எங்கோ எழுதப்பட்டிருக்கிறது. கிரேனின் ஒரு குட்டிக் கவிதையில் மனிதன் பிரபஞ்சத்திடம் "ஐயா, நான் இருக்கிறேன்" என்கிறான். அந்த உண்மை தனக்கு எந்தக் கடமை உணர்ச்சியையும் உண்டாக்கவில்லை என்று பதில் வருகிறது. இங்கே கணக்குப் புத்தகமே கிடையாது.

இதையெல்லாம் படித்தால் மனம் சோர்ந்துபோகாதா?

'திறந்த படகு' எனக்குச் சோர்வு தந்ததில்லை. நால்வருக்கும் இடையே உருவாகும் நட்பைப்பற்றி யாரும் வாய்திறந்து பேசுவதில்லை. இருந்தும் ஒருவர் களைத்ததும் மற்றவர் முணுமுணுக்காமல் துடுப்பை வாங்கிக்கொள்கிறார். நிருபரின் சட்டைப்பையில் நனையாத நாலு சுருட்டு கிடைக்கிறது, யாரிடமோ மூன்று உலர்ந்த தீக்குச்சி. நால்வரும் புகைத்துக்கொண்டு, காப்பாற்றப்பட்டுவிட்டவர்கள்போல உட்கார்ந்திருக்கிறார்கள். கடல் கவனிக்காத இடத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் கவனிக்கிறார்கள்.

லண்டனின் 'உயிராசை' (1905) இன்னொரு வகை. பட்டினியில் ஊர்ந்துபோகும் ஒருவனை நோயுற்ற ஓநாய் ஒன்று, எவன் முதலில் விழுவான் என்று பின்தொடர்கிறது. லெனின் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அவர் மனைவி க்ரூப்ஸ்கயா அவருக்கு வாசித்துக்காட்டியது இந்தக் கதையைத்தான்; லெனினுக்கு மிகவும் பிடித்திருந்தது என்று க்ரூப்ஸ்கயாவே எழுதியிருக்கிறார். சாகக்கிடக்கும் மனிதருக்குப் படிக்க இப்படியா ஒரு கதை என்று தோன்றலாம். அதில் நாயகன் பிழைக்கிறான்.

எதிலிருந்து தொடங்கலாம்?

முதலில் லண்டனின் 'வாழ்வின் நியதி' (1901). சில பக்கங்கள்தான். பார்வையிழந்த ஒரு கிழவரைக் கூட்டம் பனியில் விட்டுவிட்டு நகர்கிறது. பக்கத்தில் ஒரு சிறு விறகுக் குவியல். அது தீர்ந்தால் அவரும் தீர்ந்தார். தலைவனான மகன் கிளம்பும் முன் வந்து, எல்லாம் சரிதானே என்று கேட்கிறான். சரிதான் என்கிறார். தன் தந்தையைத் தானும் ஒரு குளிர்காலத்தில் இப்படி விட்டுவந்தவர் அவர். பிறகு 1902 'தீ மூட்ட', அதையடுத்து 1908 'தீ மூட்ட', கடைசியாக 'திறந்த படகு'. எல்லாமே காப்புரிமை முடிந்தவை, ஆங்கில மூலம் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் போன்ற தளங்களில் இலவசம். கிரேனின் வாக்கியங்கள் லண்டனுடையதைவிடக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். முதல் இரண்டு பக்கம் தாண்டினால் பழகிவிடும்.